படுகளத்துக்கு முன்னால் ஒரு டீ

ஐயா,

இதை நீ வாய்விட்டுத்தான் படிப்பாய். தமிழை நீ கண்ணால் மட்டும் படித்து நான் பார்த்ததில்லை. எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து, பாதி வரியில் மூச்சு வாங்கி, பஸ் போர்டு படிக்கிற மாதிரி படிப்பாய். கொச்சியில் கம்பெனி ட்ரெயினிங்குக்காக நீ தங்கியிருக்கிற அறையில் வேறு பையன்களும் இருப்பதாகச் சொன்னாய். அவர்கள் வெளியே போன நேரமாகப் பார்த்துப் படி. உன் தங்கையிடம் சொன்னால் இங்கிலீஷில் டைப் அடித்து அனுப்பியிருப்பாள். எனக்கு அது வேண்டாம். தாராவி லேபர் கேம்ப் பக்கத்து முனிசிபல் ஸ்கூலில் பத்தாவது வரை தமிழில் படித்தவள் நான், எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதுகிறேன், அவள் போட்டோ எடுத்து அனுப்பட்டும். போனில் சொன்னால் என்ன என்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததெல்லாம் மறந்து 'சாப்பிட்டியா' என்றுதான் என் வாயில் வருகிறது.

போன வாரம் நீ கேட்டதற்கு இது பதில். கம்பெனி உனக்கு அடுத்த கப்பலைக் கொடுத்துவிட்டது, அது, கப்பல்களைத் தாக்குகிறார்கள் என்று டிவியில் காட்டுகிற செங்கடல் வழியாகப் போகிற கப்பல். அந்த வழியில் போக இஷ்டமில்லை என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு, சொன்னால் வேறு கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றும் நீயே சொன்னாய். சொல்லிவிட்டுக் கடைசியில், "யம்மா, நீ வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், நான் போவ மாட்டேன். ஆனா டிவியப் பாத்துட்டுச் சொல்லாத, யோசிச்சுச் சொல்லு" என்று பாரத்தை என் தலையில் இறக்கி வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பா நம் பை தைக்கிற கார்கானாவில் ரெக்ஸினை வெட்டிக்கொண்டே, "ஒத்த வார்த்ததான? சொல்லிர வேண்டியதான?" என்றார். அவருக்கு எல்லாமே கத்திரி வைத்தால் முடிந்துவிடுகிற காரியம். வெட்டியதைச் சேர்த்துத் தைக்கிறவள் நான். ஓரம் ஒட்டாமல் போனால் திட்டு வாங்குவதும் நான்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போன காண்ட்ராக்டில் நீ போனபோது என் போனில் கப்பல் பார்க்கிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாய். நீலக் கடலில் பச்சை அம்புக்குறி, அதற்குள் என் பிள்ளை. காலையில் பால் வாங்கப் போகும்போது பார்ப்பேன், மதியம் மெஷினை நிறுத்தும்போது பார்ப்பேன். ஒரு நாள் அந்த அம்பு அப்படியே நின்றது. மறுநாளும் அதே இடம். நடுக்கடலில் கப்பல் எதற்கு நிற்கும்? உன் அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அன்று நான் தைத்த பைகளுக்கெல்லாம் ஜிப்பை உள்பக்கமாக வைத்துத் தைத்திருக்கிறேன், மாஹிம் வியாபாரி திருப்பி அனுப்பியபோதுதான் தெரிந்தது. ஆபத்தான இடத்தில் கப்பல் இருக்குமிடம் யாருக்கும் தெரியக்கூடாது என்று சிக்னலை நிறுத்தி வைப்பார்களாம். அதைத் தாண்டி வந்த பிறகு நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், "டென்ஷன் மத் லே யம்மா, இது ரொட்டீன்" என்று. உனக்கு ரொட்டீன். எனக்கு அந்த அம்பு நின்ற இடம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

இந்த மழைக்காலம் நீ வீட்டில் இருந்ததுதான் எனக்குக் கிடைத்த நல்ல காலம். அந்தக் கிரேக்கக் கதைகள் இல்லாவிட்டால் நீ போனும் கையுமாக மச்சிலேயே கிடந்திருப்பாய். உன் பழைய கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்த கிரேக்கர், சாப்பாட்டு மேஜையில் தன் ஊர் பழம்பாட்டுகளைச் சொல்லிச் சொல்லி உன்னைப் பிடித்துப் போட்டிருக்கிறார். நீயும் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக்காரனிடம் பேரம் பேசி, அட்டை கிழிந்த ரெண்டு தடிப் புத்தகங்களை இங்கிலீஷில் வாங்கி வந்தாய். ஒன்று போர்ப் பாட்டு, ஒன்று போர் முடிந்து வீடு திரும்புகிறவனின் பாட்டு. வேலைக்காரர்கள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தைப்பேன், நீ ரெக்ஸின் சுருள் மேல் உட்கார்ந்து, இங்கிலீஷைப் பார்த்துத் தமிழும் இந்தியுமாகச் சொல்லுவாய். தகரத்தில் மழை அடிக்கும்போது கத்திச் சொல்லுவாய். பெயர்கள் ஒன்றும் என் வாயில் நிற்கவில்லை. அதனால் நானே பெயர் வைத்தேன். கோபித்துக்கொண்டு சண்டைக்குப் போகாமல் கூடாரத்தில் உட்கார்ந்திருப்பவன் கோவக்காரன். கடலுக்கடியில் இருக்கிற அவன் தாய் கடலம்மா. எதிரிக் கோட்டையைக் காக்கிறவன் கோட்டைக்காரன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அந்த சீஃப் கேட்டார்னா அழுதுருவார் யம்மா" என்றாய்.

நான் உன்னைக் கேள்வி கேட்டே கொன்றேன் என்று உன் தங்கையிடம் புகார் சொன்னாயாமே. கேட்காமல் எப்படி? இவ்வளவையும் பாடியது ஒரே ஆளா என்று கேட்டேன். அதைப் பற்றிப் படித்தவர்களே அடித்துக்கொள்கிறார்கள், கண் தெரியாத ஒருவர் என்றும் சொல்கிறார்கள், பல தலைமுறை பாடகர்கள் சேர்ந்தது என்றும் சொல்கிறார்கள், எழுத்து வருமுன்பே பாடியிருக்கிறார்கள் என்றாய். அப்புறம் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறதைக் காட்டினாய். பொழுது விடிந்தால் அதே அடி, கப்பல் கிளம்பினால் அதே அடி, ஒருவன் விழுந்தால் அதே அடி. எழுதத் தெரியாதவன் எழுதின மாதிரி இருக்கிறது என்று நீ அலுத்துக்கொண்டாய். எனக்கு அதைக் கேட்டதும் நம் சாமி கொடைக்கு ஊரிலிருந்து வந்து வில்லுப்பாட்டுப் படிக்கிற அண்ணாவிதான் ஞாபகம் வந்தார். அவரும் அப்படித்தான். அடுத்து என்ன பாடுவது என்று மனசுக்குள் தேடும்போது கைவசம் இருக்கிற ஒரு அடியை எடுத்து விடுவார், பின்பாட்டுக்காரர்கள் அதைப் பிடித்து இழுப்பார்கள், அதற்குள் அவருக்கு அடுத்தது வந்துவிடும். "நிக்காம ஓடுத வண்டில ஏறி இறங்குத மாதிரி" என்று நான் சொன்னேன். நீ புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தாய். அதன் பிறகு அப்பா எப்போதோ பாதிவரை எடுத்த கொடை ரெக்கார்டிங்கையும் போன வருஷம் நீ எடுத்ததையும் மாற்றி மாற்றிக் கேட்டு, பாட்டு ரெண்டு தடவையும் வேறு வேறாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஊருக்கே போன் போட்டு அண்ணாவியிடம் கேட்டாய். அவர், "ஒரு எழுத்து மாறல தம்பி. எங்க ஆசான் படிச்சுக் குடுத்தத அப்படியேதான் படிக்கேன்" என்று சத்தியம் பண்ணினார். நீ அவர் பொய் சொல்கிறார் என்றாய். பொய் இல்லை, ஐயா. அதே கதையை, அதே சாமியை, அதே சாவைத்தானே பாடுகிறார். அவருக்கு அது மாறவே இல்லை.

கப்பல் வரிசை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எந்தெந்த ஊரிலிருந்து யார் யார் எத்தனை கப்பலில் வந்தார்கள் என்று பக்கம் பக்கமாகப் போனது. உனக்குக் கொட்டாவி வந்தது. "யம்மா, இத ஸ்கிப் பண்ணிருவமா, வெறும் பேருதான்" என்றாய். பண்ணாதே என்றேன். கொடையில் அண்ணாவி கொடைக்குப் பணம் கொடுத்த வரிகாரர் பெயரை ஒவ்வொன்றாகப் பாட்டில் சேர்த்துப் பாடும்போது தாராவியில் எத்தனை பேர் அதுவரை டீக்கடையில் நின்றவர்கள் ஓடி வந்து பந்தலில் உட்காருகிறார்கள் என்று நீ பார்த்ததில்லையா? தன் வீட்டுப் பெயர் வந்ததும் உன் அப்பாவின் முகம் எப்படி ஆகும்? அந்தக் கிரேக்கப் பாடகரும் தன் ஊர் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துத்தான் அந்த வரிசையைப் பாடியிருப்பார். ஒவ்வொரு ஊர்க்காரனும் தன் ஊர் கப்பல் எப்போது வரும் என்று காத்திருந்திருப்பான். எனக்கு அதைக் கேட்கக் கேட்க வேறு ஒன்றும் தோன்றியது. அத்தனை கப்பலிலும் போனவர்களுக்கு வீட்டில் ஒருத்தி இருந்திருப்பாளே. அவர்கள் பெயரை யாரும் பாடவில்லை.

இனி கோட்டைக்காரன் கதைக்கு வருகிறேன். அவனைத்தான் எனக்குப் பிடித்தது. தன் கூட்டாளியைக் கொன்றதற்காகக் கோவக்காரன் கூடாரத்தை விட்டு அவனைக் கொல்ல வருகிறான். மதில்மேல் நின்று அப்பாவும் அம்மாவும், உள்ளே வந்துவிடு, கதவு திறந்திருக்கிறது என்று கெஞ்சுகிறார்கள். பால் கொடுத்த மார்பைக் காட்டி அந்தத் தாய் கெஞ்சுகிறாள். அவனுக்கும் உள்ளே போக ஆசைதான். ஆனால் வெளியே நிற்கிறான். ஏன் என்று உன்னைக் கேட்டேன். உள்ளே போனால் ஊர் கேலி பேசும் என்ற வெட்கம் என்றாய். அப்புறம் எதிரி பக்கத்தில் வந்ததும் பயந்து மதிலைச் சுற்றி ஓடுகிறான். அவ்வளவு பெரிய வீரன் பயந்து ஓடினான் என்று பாடகர் மறைக்காமல் பாடுகிறார். நான் மெஷினை நிறுத்திவிட்டேன். நீ மேலே படிக்கப் போனாய், "இரு" என்றேன். அந்த வெட்கத்தைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் நீ பேசும்போது, "இந்தக் கப்பல்லயும் அந்த சீஃப்தான், என்னையத்தான் கேட்டு வாங்கியிருக்காரு, இப்ப பயந்துட்டேன்னு நெனைப்பாரு" என்றாயே, அப்போது எனக்குக் கோட்டைக்காரன்தான் கண்முன் வந்து நின்றான். அவன் அம்மா கெஞ்சினது அவன் காதில் விழுந்தது, ஐயா. விழாமல் இல்லை.

அந்தப் பாட்டில் எல்லோரும் அழுகிறார்கள் என்பதையும் நான் கவனித்தேன். கோவக்காரன் கடற்கரையில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டு அழுகிறான். கொன்றவன் கையைக் கொல்லப்பட்டவனின் கிழட்டு அப்பா பிடித்து முத்தமிட்டுப் பிள்ளையின் உடலைக் கேட்கிறார், ரெண்டு பேரும் சேர்ந்து அழுகிறார்கள். நீ அந்த இடத்தைச் சொல்லும்போது பாதியில் நிறுத்தினாய். உடனே இருமி, தண்ணீர் குடித்து, "துணித்தூசி யம்மா" என்றாய். கார்கானாவில் அன்று துணியே வெட்டவில்லை. உனக்குச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிற புத்தி ஒன்றே ஒன்றுதான். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று யாரிடமாவது சொல். என்னிடம் சொல்லாவிட்டாலும் அறையில் கூட இருக்கிற பையனிடம் சொல். ஆறடிக்கு வளர்ந்த வீரர்களே அங்கே அழும்போது உனக்கென்ன.

இப்போது டீ விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு நம் குலசாமியின் பெயர்தான் வைத்திருக்கிறோம், நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை. சாமியானவர்கள் எல்லோரும் முதலில் வெட்டுப்பட்ட மனுஷர்கள்தான் நம் பக்கத்தில். அவரும் இளவயதில் ஆற்றுக்கு அக்கரையில் வெட்டுப்பட்டுச் செத்தவர். கொடையில் அண்ணாவி அவர் பிறப்பைப் பாடுவார், வளர்ந்ததைப் பாடுவார், கடைசியில் அவர் விழுந்து கிடக்கிற படுகளத்தைப் பாடுவார். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன்னை மடியில் வைத்துக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குள் மைக்கை நிறுத்தச் சொல்லிப் போலீஸ்காரர் வந்து நிற்பார் என்பதால் இங்கே பாட்டு மதியமே தொடங்கி, சாயங்காலம் படுகளம் வந்துவிடும். அண்ணாவி உன் பெயரைச் சொல்லி, விழுந்தானே என்று எடுத்தார். உன்னைத் தூக்கிக்கொண்டு நேரே தெருமுனை நாக்காவில் வடக்கத்திப் பையாவின் டீக்கடைக்கு ஓடினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கொடைக்கும் படுகளத்துக்குக் கொஞ்சம் முன்னால் உன்னைக் கையைப் பிடித்து எழுப்பி டீக்கடைக்குக் கூட்டிப் போவதுதான் நம் வழக்கம். சின்னப் பிள்ளையில் உனக்குப் பிஸ்கட். மீசை முளைத்த பிறகு அரை கிளாஸ் கட்டிங் சாய். வில்லுக்குப் பக்கத்தில் தட்டுகிற குடத்துச் சத்தம் மாறும்போதே நீ வாட்சைப் பார்த்து, "சலோ யம்மா, டீ டைம் ஆயிட்டு" என்பாய். ஒரு தடவைகூட வரமாட்டேன் என்று நீ சொன்னதில்லை. நம் சாமி கதையின் முடிவை நீயும் கேட்டதில்லை, நானும் முழுதாகக் கேட்டதில்லை.

போர்ப் பாட்டின் கடைசிப் பக்கம் வந்தபோது நான், "அப்புறம் கோவக்காரன் என்ன ஆனான்?" என்று கேட்டேன். அவன் சீக்கிரம் சாவான் என்று கடலம்மாவுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், அவன் குதிரைகூட அதைச் சொல்லிவிட்டது. பாட்டு முழுக்க அந்தச் சாவு வாசலில் நிற்கிறது. நீ பக்கத்தைத் திருப்பிக் காட்டினாய். வெறும் அட்டை. "அவன் சாவு இந்தப் பாட்டுல இல்ல யம்மா. அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போகுது. ஏன்னு யாருக்கும் தெரியல" என்றாய். எனக்குத் தெரியும் என்று நினைத்தேன், அன்று சொல்லவில்லை. அந்தப் பந்தலிலும் பிள்ளையோடு எழுந்து போகிற ஒருத்தி இருந்திருப்பாள். பாடகருக்குக் கண் தெரியாது, ஆனால் எழுந்து போகிற காலடிச் சத்தம் கேட்குமே. சரி, இத்தோடு நிறுத்துவோம் என்று நிறுத்தியிருப்பார்.

போன வெள்ளிக்கிழமை கொடை நடந்தது. நீ கொச்சியில். பந்தலுக்கு மேல் தார்ப்பாய், மழை, அண்ணாவிக்குச் சளி. குடத்தின் சத்தம் மாறியதும் நான் பழக்கத்தில் எழுந்துவிட்டேன். பக்கத்தில் கையை நீட்டினேன், அங்கே உன் தங்கையின் ஈரக்குடைதான் கிடந்தது. தனியாக டீக்கடை வரைக்கும் போனேன். பையா ரெண்டு கிளாஸை எடுத்து வைத்துவிட்டு, "பேட்டா கிதர் ஹை?" என்றார். கப்பலுக்குப் போகப் போகிறான் என்று சொன்னேன். ஒரு கிளாஸைத் திருப்பி வைத்தார். என்னால் அந்த டீயைக் குடிக்க முடியவில்லை. நீ இல்லாதபோது யாரை நான் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறேன்? திரும்பிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். உன் அப்பா என்னைப் பார்த்து, "என்னட்டி, இருக்கியா?" என்றார். இருக்கிறேன் என்றேன்.

முடிவு நான் நினைத்த மாதிரி இல்லை, ஐயா. வெட்டும் ரத்தமும்தான் முடிவு என்று நினைத்திருந்தேன். அதை அண்ணாவி சீக்கிரமே கடந்துவிட்டார். அதற்கு மேல்தான் வெகுநேரம் பாடினார். அந்தச் சாமியின் அம்மாவுக்குக் கெட்ட கனவு வந்திருக்கிறது. ஆற்றைத் தாண்டாதே என்று தடுத்திருக்கிறாள். தடுத்ததில் தப்பில்லை. பிள்ளை கேட்கவில்லை என்றதும், போவதாக இருந்தால் என் கையால் சோறு கிடையாது என்று உலையைக் கவிழ்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் சொல்லாமல் கொல்லைப்பக்கமாகப் போய்விட்டான். படுகளத்தில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுவது, ஏன் போனாய் என்று இல்லை. பசியோடு போனாயே, பசியோடு போனாயே என்றுதான். சளி பிடித்த தொண்டையோடு அண்ணாவி அதை உன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாடினார். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கடலம்மாவை நான் உன்னிடம் எவ்வளவு திட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? பிள்ளை சாவான் என்று தெரிந்தே போய், கொல்லர் சாமியிடம் சொல்லிப் புதுக் கவசம் அடித்து வாங்கி வந்து கொடுக்கிறாளே, இவளெல்லாம் ஒரு தாயா, ஒரு வார்த்தை தடுத்தாளா என்று கேட்டேன். நீ, "தடுத்தா அவன் கேக்க மாட்டான்னு அவளுக்குத் தெரியும் யம்மா. வெறும் உடம்போட போறதுக்கு இது பெட்டர்ல?" என்றாய். அன்று எனக்கு அது ஏறவில்லை. அவனுக்கு ரெண்டு வழி இருந்தது என்றும் சொன்னாய். சண்டை போட்டு இளவயதில் செத்தால் பெயர் நிற்கும், ஊருக்குத் திரும்பினால் யாருக்கும் தெரியாமல் கிழவனாகும்வரை வாழலாம். அந்த ரெண்டாவதைப் பாடகர் என்னமோ மட்டமான சரக்கு மாதிரி பாடியிருக்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. வீடு திரும்புகிறவன் பாட்டில் செத்தவர்கள் உலகத்தில் அதே கோவக்காரன் வருகிறானே, இங்கே ராஜாவாக இருப்பதைவிட மேலே ஒரு ஏழையின் நிலத்தில் கூலியாக உயிரோடு இருப்பதே மேல் என்கிறானே, அதைக் கேட்டதும் உன் அப்பாகூடக் கத்திரியை வைத்துவிட்டு, "சரியாச் சொன்னான் பாரு" என்றார். லேபர் கேம்ப்பில் பிறந்தவர்களுக்கு அது புரியாமல் போகுமா? தொப்பை போட்டு, தலை வழுக்கையாகி, நவி மும்பை ஐரோலியில் ஏதாவது ஆபீசில் ஏசி மெஷினைக் கவனித்துக்கொண்டு, பொண்டாட்டியிடம் திட்டு வாங்கிக்கொண்டு நீ கிழவனாக வேண்டும். உன்னைப் பற்றி யாரும் எந்தப் பந்தலிலும் பாட வேண்டாம். எனக்கு வேண்டியது அதுதான்.

அதனால் என் வார்த்தை இது. வேண்டாம். அந்தக் கப்பலில் போகாதே. டிவியைப் பார்த்துச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன்.

நீ மறுத்தால் உன் இடத்தில் அந்த ரத்னகிரிப் பையனை அனுப்புவார்கள் என்று தங்கையிடம் சொன்னாயாம். நம் வீட்டுக்கு வந்து, மீன் குழம்பைக் குடித்தே தீர்த்துவிட்டுப் போனானே, அவன்தானே? அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. கொன்றவன் கையைப் பிடித்த கிழவரை நினைத்து அழுதவள், வேறொருத்தி பிள்ளை போகட்டும் என்று எப்படிச் சொல்வேன்? சொல்லத்தான் தோன்றுகிறது, அதுவும் உண்மை. அவனுக்கும் மறுக்க உரிமை இருக்கிறது என்று நீ அவனிடம் எடுத்துச் சொல். அவன் அம்மா நம்பரைக் கொடு. எனக்கு வருகிற மராத்தியில் நானே பேசுகிறேன். அவளுக்கும் அந்தப் பச்சை அம்பு இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டும் நீ போகலாம். உன்னை எனக்குத் தெரியும். என் பேச்சைக் கேட்பேன் என்று சொன்னதுகூட, நான் போ என்று சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கையில் சொன்னதோ என்று எனக்குச் சந்தேகம். போவதாக முடிவு செய்தால் கொச்சியிலிருந்து அப்படியே ஏறிப் போய்விடாதே. என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு, ஏர்போர்ட்டிலிருந்து ஒரு மெசேஜ் போடாதே. வீட்டுக்கு வா. நான் உலையைக் கவிழ்க்க மாட்டேன், முகத்தைத் திருப்ப மாட்டேன். சாப்பிட்டுவிட்டு, முன்வாசல் வழியாகப் போ.

உன் பழைய பையின் பிடி அறுந்துவிட்டது என்றாயே, புதுசு தைத்திருக்கிறேன். அப்பா வெட்டிக் கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே தண்ணீர் இறங்காத அஸ்தர் துணி வைத்து, ஓரமெல்லாம் ரெட்டைத் தையல் போட்டிருக்கிறேன். மதில்மேல் நின்று கெஞ்சினவளும் நான்தான், கவசம் கொண்டுவந்தவளும் நான்தான் என்று வைத்துக்கொள். கார்கானாவில் கொக்கியில் தொங்குகிறது. நீ எப்போதும் கறுப்புதான் கேட்பாய். கேஸ் சிலிண்டர்காரன் நிறம் என்று நீ கேலி பண்ணுகிற அந்த ஆரஞ்சு ரெக்ஸினில்தான் தைத்திருக்கிறேன். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். தண்ணீரில் கிடந்தால் அது தூரத்திலிருந்தே தெரியும், ஐயா.

அம்மா